தீமிதிக்கு ஆட்சேபணை

ஆயுள் இன்ஷூரன்ஸ் வாங்குவது கஷ்டமான காரியம் இல்லை. வாங்க மாட்டேன் என்று சொல்வதுதான் கஷ்டம். வாங்கிய பிறகு அதை வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். இலங்கை மலைநாட்டில் பதுளைக் கடைத்தெருவில் அரிசியும் புடவையும் விற்ற ரெங்கசாமிக்கு அந்தத் திறமை கொஞ்சம் குறைவு. வியாபாரத்தில் கெட்டிக்காரர்தான், ஆனால் அதிகம் பேசாதவர். பேசாதவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. அவர்கள் எப்போதாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உலகம் அதை மிகவும் பெரிதாக எடுத்துக்கொள்கிறது.

கம்பெனி கொழும்புக் கோட்டையில் இருந்தது. அதன் முழுப் பெயரை எழுதினால் இந்தப் பக்கத்தில் பாதி போய்விடும். நிரந்தரம் என்று பொருள்படும் சொல் அதில் இரண்டு இடத்தில் வந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ரெங்கசாமி அதில் சேர்ந்ததற்குக் காரணம் ஓர் ஆட்டுக்கல். பதுளைக் கடை அவருடைய சொந்தக் கடை அல்ல. துறையூரில் இருந்த அண்ணன்மாருடைய கூட்டுச் சொத்து. அவருடைய தம்பி செத்தபோது, தம்பியின் பெண்சாதிக்குக் குடும்பத்தில் எப்போதும் ஓர் இடம் உண்டு என்று பெரிய அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த இடம் ஆட்டுக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் ரெங்கசாமி அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கும் வடிவம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. தான் போய்விட்டால் அவளுக்கும் அதே சுவர், அதே கல். ஆகவே அண்ணன்மாருக்குத் தெரியாமல் தன் உயிரைக் கம்பெனியில் பதிந்து, பணம் வடிவம்மாவுக்கே சேர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பிறகு ஒன்பது வருஷம் தவணை தவறாமல் கட்டினார். அந்த ஒன்பது வருஷமும் கம்பெனிக்கும் அவருக்கும் ஒரு குறையும் இல்லை.

பத்தாம் வருஷம் வடிவம்மா காய்ச்சலில் விழுந்தாள். நினைவு தப்பிவிட்டது. ரெங்கசாமி அன்று பாக்கி வசூலுக்காக ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தார். தகவல் வந்தபோது அவர் நின்ற இடம் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசல். அவர் ஒன்றும் சத்தமாகச் சொல்லவில்லை. அவள் பிழைத்தால் வருகிற திருவிழாவில் தீ மிதிக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அவள் பிழைத்தாள். மெலிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் பிழைத்தாள்.

இதுவரை எல்லாம் ஒழுங்கு. இனி அவர் செய்த தவறு.

வியாபாரக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் விசேஷம் என்றால், கொடுக்கல் வாங்கல் உள்ள அத்தனை பேருக்கும் மூலையில் மஞ்சள் தடவிய அழைப்புப் போக வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவரோடு உறவை முறித்துக்கொண்டதாக அர்த்தம். ரெங்கசாமி உட்கார்ந்து யோசித்து யோசித்து எழுதினார். பெரகலயில் மாட்டுவண்டிகள் வைத்திருந்த மொஹிதீனுக்கு ஒன்று. கொழும்புச் செட்டித் தெரு அரிசி மண்டிக்கு ஒன்று. கடைசியில் கம்பெனி நினைவுக்கு வந்தது. வருஷம் தவறாமல் நம்மிடம் பணம் வாங்குகிறவர்களை விட்டுவிடுவது மரியாதை இல்லை என்று அவருக்குப் பட்டது. கோட்டைக்கும் ஒன்று போயிற்று.

மொஹிதீன் ஒரு மூட்டை சர்க்கரை அனுப்பினார். அரிசி மண்டிக்காரர் வாழ்த்து எழுதினார். கம்பெனி ஏஜண்டை அனுப்பியது.

ஏஜண்டு வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலிலும் கறுப்புக் கோட்டுப் போடுகிறவர். கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் கொஞ்சம் கவலையோடு பார்ப்பார். கடைக்குள் வந்து அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"முதலாளி, நீங்கள் நெருப்பிலை நடக்கப் போறீங்களாம்."

"ஆமாங்க. நீங்களும் கட்டாயம் வரணும்."

"வாறது வேறை விஷயம். அதை ஏன் கொழும்புக்கு அறிவிச்சனீங்கள்?"

"அழைக்கிறது மொறைதானுங்களே."

வீரசிங்கம் சற்று நேரம் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பெனிக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் அழைப்பு அனுப்பினதில்லை. அதாலை அதை எந்தக் கடதாசிக் கட்டிலை வைக்கிறதெண்டு தெரியாமல், ஆபத்து அதிகரிப்பு அறிவித்தல் எண்டு பதிஞ்சுபோட்டினம். இப்ப கேள்வி வந்திருக்கு."

அவர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். தீக்குழியின் நீளம் எவ்வளவு. குழி யாருடைய உடைமை. அதில் முன்பு நடந்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள். நடப்பது அவசியம்தானா, அல்லது அதே பெறுமதியுள்ள வேறொரு செயலைச் செய்ய முடியுமா.

"வேறன்னா, மொட்டை போடலாமுங்க."

"மொட்டைக்குக் கம்பெனி ஆட்சேபணை சொல்லாது. கத்தி சுத்தமாக இருந்தால் சரி."

"ஆனா நான் தீ மிதிக்கிறதாத்தானே வேண்டிக்கிட்டேன்."

"வேண்டுறதுக்கு முதல் கம்பெனியை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேணும்."

"அப்ப அவளுக்கு நெனவே இல்லீங்க."

"அவவுக்கு நினைவில்லை, சரி. உங்களுக்கு இருந்ததுதானே?"

ரெங்கசாமி தராசுத் தட்டைத் துடைத்தார். வெளியே ஒரு வண்டி தேயிலைப் பெட்டிகளோடு மெதுவாகப் போய் முடிந்தது.

"கொழும்பு அனுமதி தரும் வரைக்கும் நீங்கள் நெருப்பிலை கால் வைக்கக் கூடாது, முதலாளி. வைச்சால் பொலிசி செல்லாது. கட்டினதும் திரும்பி வராது. நான் சொல்லேல்லை, பின்பக்கத்திலை அச்சிலை இருக்கு."

அன்று ரெங்கசாமிக்குத் தன் நிலைமை விளங்கியது. நேர்த்திக்கடனைச் செலுத்தாவிட்டால் காய்ச்சல் திரும்பி வந்து வடிவம்மாவைக் கொண்டுபோகும். செலுத்தினால், தனக்குப் பிறகு ஆட்டுக்கல் அவளைக் கொண்டுபோகும். தெய்வத்துக்கும் கம்பெனிக்கும் நடுவில் அவள்தான் நின்றாள். இருவருக்கும் அவள் முகம்கூடத் தெரியாது.

அடுத்ததாகக் கம்பெனி அவருடைய பாதங்களைப் பார்க்க விரும்பியது.

பதுளையில் கம்பெனிக்காக உடம்பு பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். ரெங்கசாமியைப் பெஞ்சில் குப்புறப் படுக்கச் சொல்லி, உள்ளங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். பிறகு விரலால் தட்டினார். பிறகு தன் மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் பாதத்தைத் தட்டினார்.

"செருப்புப் போடுறதில்லையோ?"

"சாமான் மேல படக் கூடாதுங்க. கடைக்கு வெளியிலயே விட்டுடுவேன். சின்ன வயசுலேர்ந்து பாதி நாள் வெறுங்கால்தான்."

டாக்டர் மனம் நிறைந்து எழுதினார். தன் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு தடிப்பான, ஆரோக்கியமான உள்ளங்கால்களைப் பார்த்ததில்லை என்றும், எருமைக் குளம்பை மட்டுமே இதற்கு மேலாகச் சொல்லலாம் என்றும் எழுதினார். இனிப் பிரச்சினை தீர்ந்தது என்று ரெங்கசாமி நினைத்தார். ஒரு வாரத்தில் வீரசிங்கம் மறுபடியும் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"முதலாளி, ஒன்பது வருஷத்துக்கு முதல் தந்த விண்ணப்பத்திலை, விசேஷமான உடலமைப்பு ஏதும் உண்டோ எண்ட கேள்விக்கு இல்லை எண்டு போட்டிருக்கிறீங்கள்."

"ஆமாங்க."

"பாதத்தை மறைச்சுப்போட்டீங்கள் எண்டு கொழும்பிலை நினைக்கினம்."

"பாதத்துல என்னங்க விசேஷம். எல்லாரையும் போல அதுவும் கீழதான் இருந்துச்சு."

"அறியாமை எண்டு எழுதுறன்," என்றார் வீரசிங்கம் இரக்கத்தோடு. "அதுக்கு ஒரு இடம் விட்டிருக்கினம்."

அதற்குள் குழியின் உடைமையாளரைக் கண்டுபிடிக்கும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. வீரசிங்கம் தோட்டத்துத் துரையைக் கேட்டார். நிலம் தோட்டத்துடையது, நெருப்புக்குத் தோட்டம் பொறுப்பல்ல என்றார் துரை. தோட்டத்து ஆட்களுக்குத் தலைவரான பெரிய கங்காணியைக் கேட்டார். விறகுச் செலவு மட்டும்தான் நம்மளது என்றார் கங்காணி. பூசாரியைக் கேட்டார். பூசாரிக்கு இதில் சந்தேகமே இல்லை.

"குழி ஆத்தாளோடதுங்க."

வீரசிங்கம் அதையே எழுதி அனுப்பினார். கம்பெனியின் பதில் மறு தபாலில் வந்தது: உடைமையாளரின் வாக்குமூலமும் கையெழுத்தும் தேவை.

ஸ்பிரிங்வெளியில் அங்கம்மா என்று ஒருத்தி இருந்தாள். ஆறு நாளும் கூடை கட்டிக் கொழுந்து எடுப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள்மேல் அம்மன் வரும். அந்த வெள்ளிக்கிழமை அம்மன் வந்தபோது, கூட்டத்தின் முன்வரிசையில் கறுப்புக் கோட்டோடு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு கையில் தாளும் மறுகையில் பென்சிலுமாக வீரசிங்கம் நின்றார்.

"யாருடா நீ, கருப்புச் சட்டைக்காரா?"

"கம்பெனி ஏஜண்டு, தாயே. சில கேள்விகள் இருக்கு."

"கேளு."

"இந்தக் குழி தங்கட சொந்த உடைமையோ?"

"மழை என்னுது. மலை என்னுது. நீ நிக்கிற மண்ணும் என்னுது."

வீரசிங்கம் ஆம் என்பதற்கு 'ஓம்' என்று எழுதிக்கொண்டார். "குழியிலை இதுக்கு முதல் ஆருக்கேனும் காயம் ஏற்பட்டதோ?"

"நம்பி வந்தவனுக்கு நான் பூவா இருப்பேன். நம்பாம வந்தவனை நான் கூப்புடலை."

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர் பூசாரியைக் கேட்டார். பூசாரி தோளைக் குலுக்கினார். வீரசிங்கம் ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்களுக்கும் பொதுவாகக் கோட்டின் மேலேயே எழுதினார்.

"தங்கட வயசு?"

மேளம் நின்றுவிட்டது. அங்கம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீரசிங்கம் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார்.

"தங்கட குடும்பத்திலை ஆருக்கேனும் காசம், சித்தப்பிரமை, அல்லது நீண்டகால வருத்தம்..."

"எங்குடும்பமா?" அங்கம்மா சிரித்தாள். "நீதாண்டா எங்குடும்பம். ஒனக்கு என்னா நோவுன்னு நீயே எழுதிக்க."

வீரசிங்கம் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "எனக்கு வாய்வு மாத்திரம், தாயே," என்றார். அது எழுதப்பட்டது.

கடைசியில் அவர் தாளை நீட்டினார். அங்கம்மா ஒரு பிடி திருநீற்றை எடுத்துத் தாளின் மேல் அறைந்தாள். அதே கையால் அவர் நெற்றியிலும் அறைந்தாள். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

"அந்தக் கடைக்காரன் எனக்குத் தர வேண்டியதை நிறுத்தாதே. அது வராட்டி எங்கோவம் அவனைச் சும்மா விடாது. நிறுத்துனா நீதான் பதில் சொல்லணும்."

வீரசிங்கம் அதையும் எழுதிக்கொண்டு அன்று பதுளைக்கு நடந்தே திரும்பினார். கம்பெனி அந்தத் தாளைப் பெற்றுக்கொண்டு, திருநீற்று அடையாளம் தற்காலிகமாக ஏற்கப்படுகிறது என்றும், அது எந்தக் கையின் அடையாளம் என்பதைப் பின்னர் தெரிவிக்கலாம் என்றும் எழுதியது. கூடவே இன்னொன்றும் எழுதியது. இன்ஷூர் செய்துகொண்டவர் உடனே கொழும்புக்கு வந்து நேரில் விளக்கம் தர வேண்டும்.

அந்தத் தபால் வந்து சேருவதற்கு முதல் நாள்தான் ரெங்கசாமிக்கும் வடிவம்மாவுக்கும் பூசாரி காப்புக் கட்டியிருந்தார். நேர்த்தி அவள் உயிருக்கானது என்பதால் இருவருக்கும் கட்டுவது முறை. காப்புக் கட்டியவர்கள் தீமிதி முடியும் வரை கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. பெரிய கங்காணி எல்லைக்குள் இருந்த தன் வீட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருந்தார்.

"எல்லையத் தாண்டுனா ஆத்தா சும்மா விடமாட்டா," என்றார் பூசாரி.

"கொழும்புக்கு வராட்டில் கம்பெனி சும்மா விடாது," என்றார் வீரசிங்கம்.

இருவரும் ஒருவரையொருவர் தொழில் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். முடிவில் கம்பெனியே எல்லைக்குள் வந்தது.

கம்பெனியின் கொழும்பு அதிகாரி பிரவுன்லோ துரை பண்டாரவளை வரைக்கும் ரயிலிலும் பிறகு குதிரை வண்டியிலும் வந்தார். சிவந்த, நல்ல முகம். கோயிலுக்கு எதிரே மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரெங்கசாமி எதிரே நின்றார். வடிவம்மா சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். துரை பேசப்பேச வீரசிங்கம் தமிழில் சொன்னார். வேலை விஷயம் என்பதால் அச்சுத் தமிழில் சொன்னார்.

"ரெங்கசாமி அவர்களே, கம்பெனி உங்கள் மேல் அன்பு வைத்திருக்கிறது. ஒன்பது வருஷமாக நீங்கள் சாகவில்லை. அதை நாங்கள் மறக்கவில்லை. சாகிற வாடிக்கையாளர்கள் எங்கள் மனதை எவ்வளவு நோகடிக்கிறார்கள் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கண்டியில் ஒருவர் முதல் தவணை கட்டிய மாதமே செத்துப்போனார். அவரை நாங்கள் நண்பர் என்று நினைத்திருந்தோம்."

துரை சிறிது நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நண்பரை நினைத்திருக்க வேண்டும்.

"சாவுக்குப் பணம் தருவது எங்கள் நோக்கம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அது தவறு. சாவு வரும் என்ற பயத்தைப் பத்திரமாகப் பராமரிப்பதுதான் எங்கள் நோக்கம். நீங்கள் நெருப்பில் இறங்குவது அந்தப் பராமரிப்பில் குறுக்கிடுகிறது."

ரெங்கசாமி கேட்டார்: "எறங்கி, ஒன்னும் ஆகலைன்னா?"

"அப்படியானால் எங்களுக்கு மகிழ்ச்சி. நாங்கள் ஒன்றும் தர வேண்டியதில்லை."

"சுட்டுச்சுன்னா?"

இந்தக் கேள்வியில் துரைக்கே கொஞ்சம் தடுமாற்றம் வந்தது. அவர் பூசாரியைக் கூப்பிட்டு, சிலரைச் சுடுவதும் சிலரைச் சுடாததும் ஏன் என்று கேட்டார்.

"சுத்தமில்லாதவனைத்தான் தொரை சுடும். நம்பிக்கை கொறைஞ்சவனை. நெருப்பு மேல குத்தம் சொல்ல முடியாது."

"எப்போதுமா?"

"எப்பவும். ஒருத்தனுக்குக் கொப்புளம் போட்டா, அவன்கிட்ட ஏதோ கொறை இருக்குன்னு அர்த்தம். எங்க கோயில்ல ஆத்தா மேல இதுவரைக்கும் ஒரு தப்பும் வந்ததில்லை."

துரை எழுந்து நின்றார். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர் சொல்லச்சொல்ல வீரசிங்கம் எழுதினார்: சுட்டால், இன்ஷூர் செய்துகொண்டவரிடம் நம்பிக்கைக் குறைவு ஏற்கெனவே இருந்திருக்கிறது, அதை அவர் கம்பெனியிடம் மறைத்திருக்கிறார், ஆகவே பொலிசி செல்லாது. சுடாவிட்டால், இழப்பு இல்லை, ஆகவே கோரிக்கையும் இல்லை.

துரை பூசாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த மனிதரைக் கோட்டை அலுவலகத்துக்கு எடுத்துக்கொள்ள முடியுமா?"

"எனக்குக் கோயில் வேலையே சரியா இருக்குங்க," என்றார் பூசாரி.

"அப்ப நான் எறங்கலாமுங்களா?" என்று ரெங்கசாமி கேட்டார்.

"கூடாது," என்றார் துரை வருத்தத்தோடு. இரண்டு விதமாக முடிந்தாலும் கம்பெனிக்கு நஷ்டமில்லை. ஆனால் எவ்வளவு மேலதிகத் தவணை வாங்குவது என்று முடிவாகாத ஒரு காரியத்தைக் கம்பெனியால் அனுமதிக்க முடியாது. அதை லண்டனில்தான் முடிவு செய்வார்கள். கடிதம் கப்பலில் போய், கப்பலில் வர வேண்டும். அடுத்த திருவிழாவுக்குள் வந்துவிடும்.

தீக்குழிக்கு விறகு சுமந்தவர்கள் இறக்கிவைத்துவிட்டு அவர்களைப் பார்த்தார்கள். அப்போதுதான் வடிவம்மா வாயைத் திறந்தாள்.

"ஏங்க ஏஜண்டு ஐயா, இவரு போயிட்டா எனக்குப் பணம் தருவீங்க, இல்லையா?"

"ஓம், அம்மா."

"நான் போயிட்டா இவருக்கு என்னா தருவீங்க?"

வீரசிங்கம் துரையைக் கேட்டார். துரை யோசித்துச் சொன்னார். வீரசிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அனுதாபம், அம்மா."

"அப்ப நான் எறங்குறேன். உசுரு எனக்குத்தானே கேட்டாரு."

"நீயா?" என்றார் ரெங்கசாமி. "ரெண்டு படி ஏறுனா ஒனக்கு மூச்சு வாங்குது."

"நெருப்புல ஏதுங்க படி."

"வெளையாடாதே, வடிவு."

"நான் எங்க வெளையாடுறேன். நீங்க கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டீங்க. என்னைய யாருக்கும் எழுதிக் குடுக்கலை. நான் போகலாம்."

பூசாரி மறுக்கவில்லை. காப்புக் கட்டியிருக்கிறது, யாருக்காக வேண்டியதோ அவளே செலுத்துவது இன்னும் விசேஷம் என்றார். துரை உடனே பேனாவை எடுத்தார். இந்தப் பயணத்தில் அவர் தயக்கமில்லாமல் எழுதியது அது ஒன்றுதான்: மேற்படி பெண்மணியின் உயிரில் கம்பெனிக்கு எவ்வித அக்கறையும் இல்லை, ஆகவே எவ்வித ஆட்சேபணையும் இல்லை. கையெழுத்துப் போட்டு, பரிசு கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். தாள் என்றால் அப்படி வாங்குவதுதான் அவள் வழக்கம்.

போகும்போது துரை இரண்டு கட்டளைகள் இட்டார். இன்ஷூர் செய்துகொண்டவர் குழியைச் சுற்றிக் கட்டும் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். ஏஜண்டு அவர் பக்கத்தில் நின்று, கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும்.

தீமிதி அன்று சாயங்காலம் மலையிலிருந்து மூடுபனி இறங்கியிருந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களிலிருந்து ஜனங்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். குழியில் தணல் சமமாகப் பரப்பப்பட்டுச் சிவந்து கிடந்தது. வடிவம்மா மஞ்சள் புடவையில், ஈரத் தலையோடு, கையில் வேப்பிலையோடு நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ரெங்கசாமியும் வீரசிங்கமும் தோளோடு தோள் நின்றார்கள்.

அவள் முறை வந்தது. குழியின் விளிம்பில் போய் நின்றாள். அப்போது அவளுக்கு இருமல் வந்தது. புகையாக இருக்கலாம். குனிந்து இருமினாள், நிமிர்ந்தாள். திரும்பிப் பார்த்தாள். கூப்பிடுவதற்காக அல்ல. அவர் அங்கே நிற்கிறாரா என்று மட்டும் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ரெங்கசாமி கயிற்றைத் தூக்கினார்.

"முதலாளி," என்றார் வீரசிங்கம் மெதுவாக.

ரெங்கசாமி நின்றார். வீரசிங்கத்தின் நெற்றியில் அன்றும் திருநீறு இருந்தது. ஏஜண்டு மேளக்காரர்களைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார்.

"என்ரை கண்ணாடியிலை புகை படிஞ்சிட்டுது. இது இல்லாட்டில் எனக்கு ஒண்டும் தெரியாது," என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் துடைத்தார். மறுபக்கம் துடைத்தார். ஓரங்களில் அழுக்கு இருந்தது போலும், அதையும் துடைத்தார். ஜனங்கள் குலவை இட்டார்கள். அவர் நிமிரவில்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தபோது, குழியின் மறுகரையில், பால் ஊற்றிய சின்னப் பள்ளத்தில், புருஷனும் பெண்சாதியும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வடிவம்மாவின் பாதத்தில் ஒன்றும் இல்லை. ரெங்கசாமியின் இடது பாதத்தில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தது. கம்பெனிக்குப் பிடித்த அந்தத் தடித்த பாதத்தில்தான். அவர் அதைக் கம்பெனியிடம் மட்டுமல்ல, பூசாரியிடமும் சொல்லவில்லை. ஆனால் அதைப் பற்றி அவர் வெகுநாள் யோசித்தார். தணலில் நடக்கும்போது அம்மன்மேல் நம்பிக்கை இருந்ததா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். உண்மையில் அம்மன் நினைவே வரவில்லை. இவள் விழுந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. அது நம்பிக்கையில் சேருமா, குறைவில் சேருமா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கத்தக்க இரண்டு இடங்களும் அவருக்குப் பாதுகாப்பானவை அல்ல.

வீரசிங்கம் உண்மையை எழுதினார். நிகழ்ச்சியின்போது தன் கண்ணாடி துடைக்கப்பட்டுக்கொண்டிருந்தது, ஆகவே இன்ஷூர் செய்துகொண்டவரோ அவர் மனைவியோ தீக்குழியில் நடந்ததைத் தான் காணவில்லை என்று எழுதினார்.

பதில் ஒரு மாதத்தில் வந்தது. வீரசிங்கம் அதைக் கடைக்குக் கொண்டுவரவில்லை, வீட்டுக்கே கொண்டுவந்தார். வடிவம்மா கோப்பி கொடுத்துவிட்டுக் கதவருகே நின்றாள். அவள் உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது.

"பொலிசி பத்திரமாக இருக்கு," என்று அவர் ஆரம்பித்தார். ரெங்கசாமி மூச்சு விட்டார். "ஆனால்," என்றார் வீரசிங்கம். ரெங்கசாமி மூச்சை மறுபடியும் பிடித்துக்கொண்டார்.

"கம்பெனி அனுப்பின சாட்சி காணாத காரியம் நடக்கேல்லை எண்டு எடுக்கினம். நீங்களும் நடக்கேல்லை, அம்மாவும் நடக்கேல்லை. அப்பிடியெண்டால் நேர்த்தி செலுத்தப்படேல்லை. செலுத்தாட்டில் தெய்வ கோபம் வருமெண்டு குழியின்ரை உடைமையாளர் சாட்சிக்கு முன்னாலை சொல்லியிருக்கிறா. அது என்ரை எழுத்திலேயே இருக்கு. அதாலை இன்ஷூர் செய்த உயிருக்கு இப்ப நிரந்தரமான ஆபத்து இருக்காம். தெய்வ கோபத்துக்கு எண்டு மேலதிகத் தவணை போட்டிருக்கினம். ஆயுள் முழுக்க."

"ஆனா நாங்க மிதிச்சோமுங்களே," என்றார் ரெங்கசாமி.

"அதை நீங்கள் நிரூபிக்கலாம். ஸ்பிரிங்வெளி முழுக்கச் சாட்சி சொல்லும். நிரூபிச்சவுடனை பொலிசி செல்லாது." வீரசிங்கம் கோப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "என்னாலை ஏலுமானதைச் செய்தனான், முதலாளி."

"தெரியுமுங்க," என்றார் ரெங்கசாமி.

வடிவம்மாதான் கேட்டாள். "வருஷத்துக்கு எவ்வளவுங்க?"

"ஒரு ரூபாய் எழுபத்தைஞ்சு சதம்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததில்லை. சிரிப்பு இருமலாக மாறியது. ரெங்கசாமி எழுந்தே விட்டார். அவள் கையை அசைத்து அவரை உட்காரச் சொல்லி, மூச்சை ஒழுங்கு பண்ணிக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு ஸ்பிரிங்வெளி இருக்கும் திசையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆத்தாளோட கோவத்துக்கு இவ்வளவுதானா போட்டிருக்காங்க? கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லுங்க, ஐயா. அவ காதுல விழுந்தா நமக்குத்தான் கஷ்டம்."